சண்முகநாதன் போட்ட கலர் பார்

செய்தி காலையில் வந்தது. வெளியே மூடுபனி, எதிர்வீட்டு மாடிகூடத் தெரியவில்லை. அடுப்பில் பால் காய்ந்துகொண்டிருந்தது. தொலைபேசியில் சண்முகநாதனின் மகள் மீனா.

"ஆன்ட்டி, அப்பா எக்ஸ்பயர் ஆயிட்டாங்க."

டெல்லியில் பிறந்து வளர்ந்த பெண். தமிழ் அவளுக்கு வீட்டுக்குள் மட்டும் புழங்கும் மொழி. மருந்துப் புட்டிக்குச் சொல்வதை அப்பாவுக்குச் சொல்கிறாளே என்று என் மனம் ஒரு கணம் அந்தச் சொல்லிலேயே நின்றது. திருத்துவது என் பழக்கம். அன்று திருத்தவில்லை. "அம்மா என்ன செய்யறா?" என்று மட்டும் கேட்டேன்.

"ஹாஸ்பிட்டல்லேந்து இப்பதான் வந்தோம். அம்மா சாய் போடறாங்க. பெரிய பாத்திரத்துல. யாருக்குன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கறாங்க."

அவரோடு வேலை பார்த்த உங்களில் பலர் இப்போது சென்னையிலும் ஹைதராபாத்திலும் இருக்கிறீர்கள். லோதி ரோடு மயானத்துக்கு உங்களால் வர முடியவில்லை. வந்தவர்களிலும் பாதிப் பேர் அவரை ஸ்டோர் பொறுப்பாளராகத்தான் அறிந்திருந்தார்கள். அங்கே ஒருவர் என்னிடம், "பழைய மானிட்டரெல்லாம் கணக்கு வெச்சிருந்தாரே, அவர்தானே?" என்று கேட்டார். ஆமாம், அவர்தான். ஆனால் அதற்கு முன்னால் அவர் வேறு ஒருவராக இருந்தார். அதை எழுதி வைக்கவேண்டும் என்று தோன்றியது.

தொண்ணூறுகளின் நடுவில், பல மொழிகளில் செய்தி தயாரித்துக் கொடுத்த அந்த நிறுவனத்தில் நான் தமிழ்ச் செய்தி வாசிக்கச் சேர்ந்தபோது, சண்முகநாதன் கட்டுப்பாட்டு அறையில் பொறியாளர். தென்காசிப் பக்கத்துக்காரர். உயரம் குறைவு, குரல் பெரிது. முதல் நாளே என் மைக்கைச் சரிசெய்தபடி, "மேடம், நீங்க வாசிக்கது நல்லாருக்கு. ஆனா செத்துப்போன ஆளு பேரையும் ஜெயிச்ச ஆளு பேரையும் ஒரே மாதிரி சொல்லுதீங்க" என்றார். திருச்சியில் கான்வென்ட்டில் படித்தவள் நான். அங்கே சிஸ்டர்கள் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது அதுதான். குரலில் எதையும் காட்டாதே. முகத்தை வாசலிலேயே ஒழுங்குபண்ணிக்கொண்டு உள்ளே வா. "அதற்குப் பெயர் செய்தி, மிஸ்டர் சண்முகநாதன்" என்றேன். அவர் அதை ரசித்து, பல வருடங்கள் என்னைப் போலவே நிமிர்ந்து உட்கார்ந்து சொல்லிக்காட்டிக்கொண்டிருந்தார்.

அந்தக் காலத்தில் ஸ்டூடியோவில் இருந்து ஒரு படம் வேறோர் அறைக்குப் போகவேண்டுமானால், அதற்கென்று கெட்டியான ஒரு கறுப்பு கேபிள் இழுத்தாகவேண்டும். யார் மேசையில் மானிட்டர் இருக்கலாம் என்பதை நிர்வாகம் தீர்மானித்தது. மற்றவர்கள் செயற்கைக்கோளில் என்ன வந்திருக்கிறது என்று பார்க்க மாடிக்கும் கீழுக்கும் ஓடினார்கள். இதை மாற்றியே தீருவேன் என்று பிடிவாதமாக நின்றவர் சண்முகநாதன். கணினிகளை இணைக்கிற மெல்லிய கம்பியிலேயே நேரடிப் படத்தையும் அனுப்பலாம் என்றார். படத்தைப் பொடிப்பொடியாக நறுக்கி அனுப்பி, மேசையில் இருக்கும் கணினியில் மறுபடி சேர்த்துக்கொள்வது. இங்கே அது நடக்காது என்று பலர் சொன்னார்கள். அவர் கூரைத் தட்டிகளுக்கு மேலே தானே ஏறிக் கம்பி இழுத்தார். சட்டையெல்லாம் ஒட்டடையோடு வந்து என்னிடம் விளக்குவார்.

"ஒருத்தருக்கு அனுப்பினாலும் நூறு பேருக்கு அனுப்பினாலும் இங்கேருந்து போறது ஒரே படம்தான், மேடம். கேக்கவங்களுக்கெல்லாம் கிடைக்கும். யாரு கேக்காங்கன்னு நமக்குத் தெரியவே தெரியாது. அதுதான் இதிலே அழகு."

எனக்கு அதில் அழகு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் ஒருவர் தான் நம்புகிற வேலையைப் பற்றிப் பேசும்போது குறுக்கே பேசக்கூடாது.

கம்பியில் படம் வந்த முதல் வாரமே நான் மாட்டிக்கொண்டேன். அந்தப் படத்துக்கு ஒரு குணம் உண்டு: நறுக்கிச் சேர்ப்பதற்குள் இரண்டு மூன்று விநாடி பிந்திவிடும். எங்கள் நிர்வாகி மல்ஹோத்ரா தன் புது கணினியில் என்னைப் பார்த்துக்கொண்டே இண்டர்காமில் உட்கார்ந்திருந்தார். நான் முதல் தலைப்பைச் சொல்லி முடித்துவிட்டேன். அவர் திரையில் நான் இன்னும் கைகூப்பிக்கொண்டிருக்கிறேன். காதில், சீக்கிரம் பேசச் சொல்லி அவர் குரல்: "மேடம், போலியே! ஜல்தி!" மறந்துவிட்டேனோ என்று ஒரு கணம் எனக்கே சந்தேகம் வந்தது. அதே தலைப்பை மறுபடி சொன்னேன். தென்னாட்டில் எத்தனை வீடுகளில் அதைக் கேட்டுச் சிரித்தார்களோ. என் வேலையில் அப்படி ஒன்று அதற்கு முன் நடந்ததில்லை.

வெளியே வந்து சண்முகநாதனை நிற்க வைத்துக் கேட்டேன். அவர் சிரிக்காமல் கேட்டுக்கொண்டார். மறுநாள் எல்லாக் கணினிகளிலும் ஒரு சீட்டு ஒட்டப்பட்டிருந்தது. இந்தியில், ஆங்கிலத்தில், தமிழில். 'இந்தப் படம் தாமதமாக வருவது' என்று தமிழில் எழுதியிருந்தார். அது போதாது, படம் வந்துசேர நேரமாகும் என்று மட்டும் நினைத்துக்கொள்வார்கள் என்றேன். "அப்போ நீங்களே சொல்லுங்க." சொன்னேன். 'இதில் தெரிவது இப்போது நடப்பதல்ல.' அவர் இரண்டு முறை வாசித்துப் பார்த்தார். "என்ன மேடம், சுடுகாட்டு வாசல்ல எழுதுத மாதிரி இருக்கு" என்றார். ஆனாலும் அதையே ஒட்டினார்.

அடுத்த வருடம் என் கணவர் காலமானார். மத்திய அரசில் அதிகாரி. காலையில் சவரம் செய்துகொண்டிருந்தவர், துண்டை எடுக்கத் திரும்பினார், அவ்வளவுதான். சரோஜினி நகரில் அரசாங்க வீடு. காரியங்கள் முடியும்வரை திருச்சியில் இருந்து வந்த உறவினர்கள் இரண்டு அறையிலும் நிறைந்திருந்தார்கள். யாராவது ஒருவர் எப்போதும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அழுதால், "அழட்டும், விடு" என்றார்கள். அழாவிட்டால், "கல்லு மாதிரி இருக்கா, பாரு" என்றார்கள். அவர்களுக்கு முன்னால் அழ நான் தயாராக இல்லை. பதின்மூன்றாம் நாள் முடிந்ததும் வேலைக்குப் போனேன். அதற்கும் பேசினார்கள்.

எனக்கு எப்போதும் ஒரு வழக்கம். செய்திக்கு வெகு முன்பே ஸ்டூடியோவில் போய் உட்கார்ந்து தாள்களைத் தனியாக வாசித்துப் பார்ப்பேன். விளக்கு எரியும், கேமரா ஓடிக்கொண்டிருக்கும், மனிதர்கள் இருக்க மாட்டார்கள். கனத்த கதவு, சத்தம் உள்ளேயும் வராது, வெளியேயும் போகாது. அன்றைக்கு உட்கார்ந்தேன். முதல் தாளை எடுத்தேன். ஏதோ ரயில்வே செய்தி. அதில் ஒன்றுமில்லை. ஆனால் அங்கேதான் எனக்கு அழுகை வந்தது. வாயைப் பொத்திக்கொள்ளவில்லை. பொத்திக்கொள்ள வேண்டிய அவசியம் இல்லாத ஓர் இடம் கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒப்பனை அறைக்குப் போய்வந்து, செய்தியை ஒரு பிசிறு இல்லாமல் வாசித்தேன். வீட்டுக்குத் திரும்பும்போது எனக்குள் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது. யாருக்கும் தெரியாது.

ஸ்டூடியோ கேமரா பார்ப்பதெல்லாம் கட்டடத்தின் எல்லா மேசைகளுக்கும் போய்க்கொண்டிருக்கிறது என்பது எனக்கு நினைவுக்கே வரவில்லை. கெட்டி கேபிள் காலத்தில் அந்தப் படம் கட்டுப்பாட்டு அறையைத் தாண்டாது. என் பழக்கம் அந்தக் காலத்துப் பழக்கம்.

சில நாள் கழித்து, எனக்கு ஒப்பனை செய்யும் சுஷ்மா பவுடர் போட்டுக்கொண்டே தணிந்த குரலில், "ரோனா அச்சா ஹோதா ஹை, மேடம். மன் ஹல்கா ஹோ ஜாதா ஹை" என்றாள். அழுவது நல்லதாம், மனம் லேசாகுமாம். நீ எப்படி அறிவாய் என்று கேட்டேன். ஒப்பனை அறை மேசையில் கணினி இருந்தது. நான் அழ ஆரம்பித்ததை அவள் அதில் பார்த்திருக்கிறாள். உடனே படம் போய், சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாய்ப் பட்டைகள் வந்துவிட்டனவாம். செய்தி தொடங்கும்வரை அந்தப் பட்டைகள்தானாம்.

அதைத்தான் எங்கள் தொழிலில் கலர் பார் என்போம். படம் இல்லாத நேரத்தில் கருவிகளைச் சரிபார்க்கப் போடுவது. ஓடிக்கொண்டிருக்கும் கேமராவுக்கு மேலே யாரும் அதைப் போட மாட்டார்கள்.

நேரே சண்முகநாதனிடம் போனேன்.

"எத்தனை பேர் பார்த்தாங்க?"

அவர் என்ன ஏது என்று கேட்கவில்லை. "தெரியாது, மேடம். நான் செஞ்சு வச்ச முறையிலே அது தெரியாது."

"நீங்க பார்த்தீங்க."

"பாத்தேன்."

"அடுத்தவங்க பார்க்கக்கூடாது, நீங்க மட்டும் பார்க்கலாமா?"

அவர் கையில் இருந்த திருப்புளியை மேசைமேல் வைத்தார். "பாக்காம எப்படி, மேடம், மூடுதது?"

எனக்கு வந்தது கோபம்தான். நன்றி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் கூசியிருப்பார் என்று இப்போதும் நினைக்கிறேன்.

அதோடு அவர் விட்டிருந்தால் ஸ்டோருக்குப் போயிருக்க மாட்டார். அன்றிலிருந்து ஒரு ஏற்பாடு செய்தார். ஸ்டூடியோ வாசலில் சிவப்பு விளக்கு எரிந்தால்தான் படம் மேசைகளுக்குப் போகும். மற்ற நேரமெல்லாம் கலர் பார். அதை அவர் 'கதவு' என்றார். "கம்பி இழுக்கும்போது கதவு வைக்கணும்னு எனக்குத் தோணல. இப்போ வச்சாச்சு."

மல்ஹோத்ராவுக்கு அது பிடிக்கவில்லை. வரவேற்பறையில் பெரிய திரை ஒன்று மாட்டியிருந்தார். விளம்பரக்காரர்களும் விருந்தாளிகளும் வந்தால் ஸ்டூடியோ உள்ளே நடப்பதை நேரடியாகக் காட்டுவது அவருடைய பெருமை. இப்போது வருகிறவர்கள் எல்லோரும் பட்டைகளைப் பார்த்துவிட்டுப் போனார்கள். கதவை எடுக்கச் சொன்னார். சண்முகநாதன் மாட்டேன் என்றார். காரணம் கேட்டால், கேமரா சரிபார்க்கும் நேரம், கருவிக்கு நல்லது என்று ஏதேதோ சொன்னார். உண்மையான காரணத்தை மட்டும் சொல்லவில்லை. மெமோ கொடுத்தார்கள். அப்போதும் சொல்லவில்லை.

அது என் காதுக்கு வந்ததும் மல்ஹோத்ராவின் அறைக்குப் போனேன். சண்முகநாதன் அங்கே நின்றுகொண்டிருந்தார். என்னை உட்காரச் சொன்னார்கள்; நான் உட்காரவில்லை. என் கணவர் இறந்த பிறகு ஸ்டூடியோவில் அழுதது நான், அதைக் கட்டடம் முழுதும் பார்க்காமல் மறைக்கத்தான் இவர் அப்படிச் செய்தார், இந்த ஏற்பாடு இனி வாசிக்க வருகிற எல்லோருக்கும் வேண்டும் என்று நல்ல ஆங்கிலத்தில் சொன்னேன். கண்ணாடி அறை. வெளியே இருந்தவர்கள் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மல்ஹோத்ரா எழுந்து நின்று மிகவும் மரியாதையாக வருத்தம் தெரிவித்தார். பிறகு, "மகர் மேடம், சிஸ்டம் தோ சிஸ்டம் ஹை" என்றார். ஆனாலும் சிஸ்டம் சிஸ்டம்தானாம்.

வெளியே வந்ததும் சண்முகநாதன் என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நான் மூடினத நீங்களே போய்த் திறந்துட்டீங்களே, மேடம்."

"உங்க வேலை போயிடும்."

"போகட்டும். அது வேலை."

நான் செய்தது சரி என்றுதான் இன்றும் சொல்வேன்.

வேலை போகவில்லை. நொய்டாவில் இருந்த ஸ்டோருக்கு மாற்றினார்கள். உபயோகம் முடிந்த மானிட்டர்களும் சுருட்டிவைத்த கறுப்பு கேபிள்களும் குவிந்துகிடந்த ஒரு கொட்டகை. கதவை எடுத்துவிட்டார்கள். அவர் இழுத்த கம்பியில் வேறு பலர் வேலை பார்த்தார்கள். அது ஒரு நாள்கூட நிற்கவில்லை. நான் அதன்பிறகு ஸ்டூடியோவில் முன்கூட்டிப் போய் உட்காரவே இல்லை. சிஸ்டர்கள் சொன்னபடி முகத்தை வெளியிலேயே ஒழுங்குபண்ணிக்கொண்டு போனேன். ஒப்பந்தம் முடிந்தபோது புதுப்பிக்கக் கேட்கவில்லை.

அரசாங்க வீட்டைக் காலிசெய்து நான் கரோல் பாகுக்கு வாடகைக்கு வந்த பிறகு, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அவரும் மனைவி செல்வியும் வருவார்கள். செல்விக்கு ஒரு அமைச்சகத்தில் வேலை. அவர்களுக்கும் சரோஜினி நகரில்தான் வீடு. சண்முகநாதன் வந்ததும் என் தொலைக்காட்சியின் பின்பக்கம் போய் எதையாவது கழற்றி மாட்டுவார். செய்திச் சானல்கள் பெருகிவிட்ட காலம். எங்கேயாவது விபத்து என்றால் பிள்ளையைப் பறிகொடுத்தவளின் முகத்துக்குள் கேமராவை நுழைத்து நேரடியாகக் காட்டிக்கொண்டிருப்பார்கள். அவர் அப்படியே நின்று பார்ப்பார். "இத்தனை கம்பி இழுத்திருக்கானுவ. ஒருத்தனுக்கும் கதவு வைக்கத் தோணலியே" என்பார். செல்வி, "உங்களுக்கு மட்டும்தான் தோணிச்சு. அதான் ஸ்டோர்ல இருக்கிய" என்பாள். சிரிப்போம். அவர் சிரிப்பு மட்டும் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே வந்தது.

இந்தக் குளிர்காலத்தில் மூளையில் ரத்தக் கசிவு. தனியார் மருத்துவமனை ஒன்றில் தீவிர சிகிச்சைப் பிரிவு. உள்ளே விடமாட்டார்கள். அதற்குப் பதிலாக, உறவினர்களின் வசதிக்காக, காத்திருக்கும் கூடத்தில் ஒரு பெரிய திரை. படுக்கை ஒவ்வொன்றாக அதில் வரும், மேலே எண். அந்த எண்ணுக்குரிய குடும்பம் எழுந்து நின்று பார்க்கும். மற்றவர்களும் பார்ப்பார்கள், பார்க்க அங்கே வேறு என்ன இருக்கிறது.

அவர் படுக்கை வந்தது. வாயில் குழாய். போர்வை விலகி மார்பு திறந்து கிடந்தது. எங்கள் பழைய அலுவலகத்தில் இருந்து நான்கைந்து பேர் வந்திருந்தார்கள். அவர்கள் நல்லவர்கள், தொழில் புத்தி எங்கேயும் போகாது. ஒருவர், "நெட்வொர்க் கேமரா. தெளிவா வருதே" என்றார். இன்னொருவர், "டிலே ஒரு ரெண்டு செகண்ட் இருக்கும்" என்றார்.

செல்வி திரும்பி என்னைப் பார்த்தாள். "அப்போ நான் பாக்கது இப்போ உள்ளது இல்லையா, அக்கா?"

டிலே என்று சொன்னவர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார்.

அவள் என் கையைப் பிடித்தாள். "எல்லாரும் பாக்காங்க. அவுகளுக்குப் பிடிக்காதுக்கா."

நான் எழுந்து மேசையில் இருந்த பையனிடம் போய் அந்த ஒரு படுக்கையை மட்டும் நிறுத்தச் சொன்னேன். "மேரே ஹாத் மே நஹீ ஹை, மாதாஜி. ஊபர் ஸே சல்தா ஹை" என்றான். அவன் கையில் இல்லையாம், மேலே இருந்து ஓடுகிறதாம். சரி என்று திரும்பி வந்து, திரைக்கு முன்னால் போய் நின்றேன். ஷாலைத் தோள்களுக்கு மேல் விரித்துக்கொண்டேன். நான் உயரமானவள், திரை தாழ்வாகத்தான் இருந்தது.

பின்னால் ஒரு சர்தார்ஜி கெஞ்சுகிற குரலில் சொன்னார்: "மாதாஜி, ஸரா ஹட் ஜாயியே. அகலா மேரா பேட்டா ஹை." அடுத்தது அவர் மகன். விலகினேன். மகனைப் பார்த்து அவர் கைகூப்பினார். அதன்பின் வேறு யாரோ, வேறு யாரோ. சண்முகநாதனின் எண் வந்ததும் மறுபடி போய் நின்றேன். அது போனதும் விலகினேன். பார்வை நேரம் முடிந்து திரையை அணைக்கும்வரை இப்படியே. என் வயதில் ஒரு பெண் எல்லோர் முன்னாலும் இப்படிப் போவதும் வருவதுமாக இருப்பதைப் பார்த்து சிலர் முகம் சுளித்தார்கள். சுளிக்கட்டும். செல்வி என் பையை மடியில் வைத்துக்கொண்டு, நான் மறைக்கிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலைதான் மீனாவின் தொலைபேசி வந்தது.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது, பார்க்காமல் எப்படி மூடுவது என்று அவர் என்னைக் கேட்ட அந்தக் கேள்வி ஒன்றுதான். அது கேள்வியே இல்லை, வேலை எப்படிச் செய்வது என்பதற்கான குறிப்பு என்று எனக்கு அந்தக் கூடத்தில்தான் புரிந்தது. அவருடைய எண் எப்போது வருகிறது என்று தெரிந்தால்தான் மறைக்க முடியும். ஆகையால் ஒவ்வொரு முறையும் முதலில் நான் பார்த்தேன். அந்தக் குழாயை, அந்த மார்பை, ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டுவிட்ட அந்த வாயை, முழுசாகப் பார்த்தேன். பிறகு மூடினேன்.